ஸ்ட்ராபெரிக்குப் பதில் கள்ளிப்பழம்

யுத்தம் முடிந்திருந்த சமயம். தூத்துக்குடியில் மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்:

“மதினி, நேத்து எங்க வீட்டுக்காரருக்குக் கள்ளிப்பழத்தைக் கரைச்சுக் குடுத்துட்டேன்.”

“ஏளா, எதுக்கு?”

“கப்பல் வேலையில இருந்து திரும்பினதுல இருந்து சோறே இறங்கல. சீமை ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தப்போ ஸ்ட்ராபெரியும் ஆப்பிளும் பால்ல மசிச்சுக் குடுத்தாவளாம். அதுதான் வேணும்னு நின்னாவ. ஆப்பிள் கிடைச்சிட்டு. ஸ்ட்ராபெரி செவப்பா, பொடி விதையோட இருக்குமாம். அதுக்கு நான் எங்க போவேன்? வேலியில கிடக்க கள்ளிப்பழமும் அப்படித்தான இருக்குன்னு அதைப் போட்டுட்டேன்.”

“குடிச்சாவளா?”

“செம்பு முழுசையும் குடிச்சிட்டு, ‘இதேதான்’னு அழுதுட்டாவ. அப்போ சீமையிலயும் கள்ளிப்பழத்தையா மதினி குடுக்காவ?”

மதினிக்கும் விளங்கவில்லை. வரிசையில் டின்னை முன்னால் நகர்த்திவைத்தாள்.

“என்னமோ, இன்னைக்கும் அதையே கரைச்சுக் குடு” என்றாள்.