மோட்டார் பக்கத்தில் போனை வையுங்கள்

மாலையைக் கழுத்திலும் மணியைக் கையிலும் வைத்துக்கொண்டு, யார் நேரம் மீறுவார் என்று காத்திருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! வணிகர் சங்கத்தை வளர்த்து, வளர்த்த களைப்போடு முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே! கடையைப் பூட்டியும் பூட்டாமலும் ஓடி வந்திருக்கும் முதலாளிப் பெருமக்களே! அந்த முதலாளிகளுக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! மடியில் போனைப் பார்த்துக்கொண்டே மேடைக்குக் கைதட்டும் வித்தை கற்ற இளைய வணிகர்களே! அனைவருக்கும் என் அன்பார்ந்த வணக்கம்.

'நேரத்தை ஆள்வது எப்படி? சிந்தை சிதறாமல் தொழில் செய்வது எப்படி?' இந்தத் தலைப்பில் இங்கே பேச வேண்டியவர் நானல்ல, என் வீட்டுக்காரர். மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். மோட்டார்காரர் என்றால்தான் உங்களுக்குத் தெரியும். நேரத்தைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. சிரியுங்கள், சிரியுங்கள், நானும் சிரித்தேன். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீ தமிழ் டீச்சர்தானே, ரெண்டு வார்த்தை பேசிடு. முடிஞ்சா நான் பின்னாடி வந்து நிக்கறேன்." அதனால் வந்திருக்கிறேன்.

குரல் கம்முகிறதே என்று செயலாளர் தண்ணீர் நீட்டுகிறார். வையுங்கள் தம்பி, இது தண்ணீரில் தீராது. என் தொண்டையில் கட்டி. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. குரல் திரும்ப வருமா டாக்டர் என்று கேட்டால், அவர் மேசையைப் பார்க்கிறார். வகுப்பறையில் குரலை விற்றுப் பிழைத்தவள் நான். இந்த மேடையை விட்டால் இனி எந்த மேடை? இந்தச் செய்தி என் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. சொல்லவில்லையா என்கிறீர்களா அம்மா? சொன்னேன், சொல்லிப் பார்த்தேன், சொல்லிச் சொல்லிச் சலித்தேன்!

அவர் நேரத்தை வீணடிப்பவரா? ஐயையோ, அந்தப் பழியை நான் சுமத்த மாட்டேன். கடைச் சுவரில் அட்டவணை உண்டு. அரட்டைக்குத் தடை உண்டு. கூட்டம் முண்டியடிக்கக் கூடாது என்று டோக்கன் உண்டு. நேரத்தை மிச்சம் பிடிக்கப் பேப்பர் படிப்பதை நிறுத்தினார். காலை நடையை நிறுத்தினார். உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தி, நின்றுகொண்டே விழுங்கப் பழகினார். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் எங்கே போனது? பிள்ளைகளிடம் வந்ததா? பெற்றவளிடம் போனதா? பக்கத்தில் படுத்தவளுக்குக் கிடைத்ததா? கடையில் மிச்சம் பிடித்ததைக் கடையிலேயே கொண்டுபோய்க் கொட்டினார், பெருமக்களே!

கவனமா? கவனத்துக்கும் குறைவில்லை. யாராவது போனில் கூப்பிட்டு மோட்டார் மக்கர் செய்கிறது என்றால், "மோட்டார் பக்கத்துல போனை வைங்க" என்பார். கண்ணை மூடிக் கேட்பார். "பேரிங் தேஞ்சிருக்கு. இனிமே ஓட்டாதீங்க, எடுத்துட்டு வாங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் அதேதான் இருக்கும். அப்பேர்ப்பட்ட காது! அந்தக் காதுக்கு, மாதக்கணக்காக ஒரே கூரையின் கீழ் கரகரக்கும் மனைவியின் தொண்டை கேட்கவில்லை என்றால், நான் யாரிடம் போய் முறையிடுவது?

வீட்டில் வாயைத் திறந்தால், "கடைக்குக் கிளம்பற நேரத்துலதானே ஆரம்பிப்ப" என்பார். கடைக்குப் போய்ச் சொன்னால், "வீட்டுல பேசிக்கலாம் போ" என்பார். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் எந்தத் தெருவில் நின்று நான் சொல்வேன்?

ஒருநாள் வெட்கத்தை விட்டு நானும் ஒரு டோக்கன் கிழித்தேன். போய் உட்கார்ந்தேன். அடுத்த டோக்கனைக் கிழித்துக்கொண்டு, மடியில் மிக்சியோடு ஓர் அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீங்க வெறுங்கையோட வந்திருக்கீங்களே, எதை ரிப்பேருக்குக் கொண்டு வந்தீங்க?"

"என்னைத்தாம்மா கொண்டு வந்திருக்கேன்."

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அட, நீயா? ஒரு டோக்கன் வீணாப் போச்சே!" என்றார். கோபமே இல்லை, உண்மையான வருத்தம். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். மிக்சி போனது, நான் வீட்டுக்கு வந்தேன்.

பரிசோதனை முடிவு வந்த அன்று மருத்துவமனை வரவேற்பறைப் போனிலிருந்து அழைத்தேன். என் எண் என்றால் எடுக்க மாட்டார், புது எண் என்றால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். எடுத்தார். "வணக்கம், சொல்லுங்க" என்றார். அடடா, என்ன கனிவு! அந்தக் கனிவைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வார்த்தை வரவில்லை, வெறும் கரகரப்புதான் வந்தது. அவர் சொன்னார்: "சரியா கேக்கலங்க. நீங்க பேச வேண்டாம். மோட்டார் பக்கத்துல போனை வைங்க."

நான் போனைத் தொண்டையில் வைத்தேன், பெருமக்களே! வைத்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று நின்றேன். அவரும் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "ஒண்ணுமே ஓடலீங்களே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தலைவர் மணியடிக்கிறார். அடியுங்கள் ஐயா, டாக்டரும் என் குரலுக்குத் தேதி குறித்துவிட்டார், உங்கள் பங்குக்கு நீங்களும் அடியுங்கள். "யோசனை ஏதாவது சொல்லுங்கம்மா" என்று கேட்கிறார் ஒரு தம்பி. என்னிடம் ஏது யோசனை? நீங்கள் எழுதிக்கொள்ளக் காத்திருக்கும் அத்தனை யோசனையையும் அவர் செய்து முடித்துவிட்டார். அட்டவணை போட்டவரை அட்டவணை மாற்றவில்லை. அழுதவளாலும் மாற்ற முடியவில்லை. நான் தோற்றுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்தேன்.

அதோ! கதவோரத்தில் நீலச் சட்டை. வந்துவிட்டார்! சொன்னபடியே பின்னால் வந்து நிற்கிறார். காதில் போன். வழி விடுங்கள், அவர் என்னைப் பார்க்கட்டும்.

என்னங்க! இங்கே பாருங்கள். வீட்டில் கேட்கவில்லை, கடையில் கேட்கவில்லை, இத்தனை பெரிய ஒலிபெருக்கியிலாவது கேளுங்கள். எனக்குத் தொண்டையில் கட்டி. அடுத்த வாரம் அறுக்கிறார்கள். நீங்கள் கட்டிக்கொண்டு வந்த இந்தக் குரல் அதற்குப் பிறகு இருக்காது. கேட்கிறதா?

கையைத் தூக்குகிறார். ஒற்றை விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடமாம்.

கடைசி வரிசைத் தம்பி, நீங்கள் பக்கத்தில்தானே நிற்கிறீர்கள், போனில் என்ன சொல்கிறார்? உரக்கச் சொல்லுங்கள். என்ன? "இங்க ஏதோ மீட்டிங், ஒரே சத்தம், நீங்க மோட்டார் பக்கத்துல போனை வைங்க" என்கிறாரா?

விடுங்கள் தம்பி, போனைப் பிடுங்காதீர்கள். அவர் கேட்கட்டும். அங்கே ஏதோ ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொறுத்திருந்து கேட்ட தலைவருக்கும், தண்ணீர் தந்த செயலாளருக்கும், கண்ணைத் துடைக்கும் தாய்மார்களுக்கும், குரல் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.