கழுவிய டேங்க்

பழைய வண்டியின் பெட்ரோல் டேங்கைக் கழுவுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். நீங்கள்கூடச் செய்யலாம் ஐயா, கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

டேங்கைக் கழற்றி மிச்சப் பெட்ரோலை வடிக்க வேண்டும். உள்ளே ஒரு பிடி நட்டும் துண்டுச் சங்கிலியும் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, வாயை அடைத்துக் குலுக்க வேண்டும். துரு பொருக்குப் பொருக்காக உதிரும். அடியில் தேங்கிய கசடு வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஊறப்போட வேண்டும். வெள்ளைத் துணியில் வடித்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும், அதுவரை விடக்கூடாது. என் கை பட்ட டேங்க் எதுவும் திரும்பி வந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் விசாரிக்கிற இந்த வேன் என் அக்கா வீட்டுக்காரருடையது. மச்சான் கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். வாய்தான். வாசலில் வந்து இறங்காமல் ஹாரன் அடிப்பார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து கேட்டைத் திறக்க வேண்டும். அவள் ஒரு பேச்சைத் தொடங்கினால் இவர் முடித்துவைப்பார், அதுவும் தப்பாக. என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவனா, டப்பா கழுவுறவன்" என்பார். பட்டறையில் வாடிக்கையாளர்கள் நடுவிலும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறிவில்லாத ஆளிடம் கோபப்படுவது வெட்டி வேலை.

அக்காவுக்காகத்தான் செய்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆளிடமிருந்து அவளுக்கு ஒரு விடிவு வேண்டாமா?

வண்டி திக்கித் திக்கி ஓடுகிறது என்று என்னிடம் விட்டுப் போனார். டேங்கைச் சுத்தமாகவே கழுவினேன். அரைகுறை வேலை எனக்கு வராது. பிறகு, வடித்த துருவையும் கசடையும் காயவைத்துத் திரும்ப உள்ளே போட்டேன். அவருடைய பொருள் அவரிடமே போய்ச் சேர்ந்தது. அந்த வேனில் பெட்ரோல் வெளியேறும் வாய் டேங்கின் பின் மூலையில் இருக்கிறது. சமதரையில் ஒன்றும் தெரியாது. மேடு ஏறினால் துருவெல்லாம் பின்னால் சரிந்து அதை அடைக்கும். டேங்கின் முன்பக்கம் செங்கல் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். ஒழுகல் நூலாகி, சொட்டாகி, நின்றுபோனது. திருப்தி வரும் வரை திரும்பத் திரும்பச் செய்தேன்.

மச்சான் வேலைக்குப் போகும் வழியில் இருப்பது ஒரே மேடு. அதன் உச்சியில் ஆளில்லாத ரயில்வே கேட். ரயில் தூரத்தில் தெரிந்தால் அவர் நிற்கமாட்டார், மிதிப்பார். அதை ஒரு வீரமாக எங்களிடம் சொல்லிக்காட்டுவார். அப்படிப்பட்டவரை யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை.

வண்டி எடுக்க அவர் வந்த அன்று அக்காவும் கூடவே வந்தாள். கண் டாக்டரிடம் போகிறாளாம். எப்போதும் பஸ்ஸில் போகிறவள்.

"வண்டி வழில எங்கயும் நின்னுடாதுல்ல?" என்று மச்சான் இழுத்தார். நான் வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"என் தம்பி கழுவின டேங்க். எங்கயும் நிக்காது. பேசாம ஏறுங்க."

மச்சான் மறுபேச்சுப் பேசாமல் ஏறினார். அப்படி ஒரு காட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. அக்கா மறுபக்கம் ஏறினாள். கதவை நான்தான் சாத்தினேன். அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அது அவர் செய்யாமல் போட்டுவைத்த ரிப்பேர். அதை என் தலையில் கட்டாதீர்கள்.

ரயில் வரும்போது வேன் தண்டவாளத்தின் மேல் நின்றிருந்தது. மச்சான் குதித்துவிட்டார், கை முறிந்ததோடு சரி. அக்கா கடைசிவரை கதவைத் தட்டிக்கொண்டிருந்தாளாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அவள் ஏறும்போதே தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். உங்களுக்குக் கேட்பது சுலபம். தடுக்க வேண்டுமென்றால் டேங்கில் துரு கிடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அக்கா அப்படிப் பேசிய பிறகு, என் வேலை சரியில்லை என்று அந்த ஆள் எதிரில் நானே எப்படி ஐயா சொல்வேன்?