இருளப்பசாமியின் நெஞ்சுப் பெட்டி

அம்மியில் அரைத்த சட்னி போல வருமா என்று கேட்கிறவர்களில் ஒருவரும் அம்மியில் அரைக்கிறவர்கள் இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. நான் அரைத்தவள். புது மிக்ஸி பரணில் கிடக்க, செட்டியார்பட்டியில் எங்கள் வீட்டில் அம்மிதான் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம், என் வீட்டுக்காரர் இருளப்பசாமியின் நெஞ்சுக்குள் இருந்த பேஸ்மேக்கர். மதுரையில் வைத்தார்கள். பட்டாளத்தில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று அவருக்குக் காது போய், மெஷின் மாட்டியும் அரைகுறையாகத்தான் கேட்கும் என்பதால், டாக்டர் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார்.

"மிக்ஸி, டி.வி.யெல்லாம் ஒண்ணும் செய்யாதும்மா. செல்போனை நெஞ்சுப் பையில வைக்க வேண்டாம், அம்புட்டுதான். ஆனா எம்.ஆர்.ஐ. ஸ்கேன்னு யாரு எழுதினாலும் எங்களைக் கேக்காம எடுத்துராதீங்க. இந்த மாடல் அந்தக் காந்தத்தைத் தாங்காது. இவரு இதயம் இந்தப் பெட்டியை நம்பித்தான் துடிக்குது."

வீட்டுக்கு வந்து அவர் காதில் கத்திச் சொன்னேன். "நீ என்ன டாக்டரா?" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெட்டிதான் எங்கள் வீட்டுக் கலெக்டர். மிக்ஸி கூடாது, டி.வி. கூடாது. என் செல்போன் பக்கத்து வீட்டு அய்யம்மாளிடம் இருந்தது. மகள் கார்த்திகாவோடு பேச அங்கே போய் நிற்க வேண்டும். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "பெட்டி குதிக்குது, ஏட்டி." பெட்டி ஒரு நாளும் குதித்ததில்லை. அவர்தான் குதிப்பார்.

கோயம்புத்தூரில் கார்த்திகாவுக்குப் பிரசவ வலி வந்த அன்று, பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். பெட்டி குதித்தது. தரையில் படுத்துவிட்டார். பையை இறக்கி வைத்தேன். பிள்ளை தங்கவில்லை என்று அய்யம்மாள் வந்து சொன்னபோது எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்னியில் உப்புக் குறைவு என்றார்.

இதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபமெல்லாம் வராது.

வெளியில் கதையே வேறு. "பட்டாளத்துக்காரன் நெஞ்சுல பெட்டியாம்னு சிரிப்பானுக" என்று பேஸ்மேக்கரைப் பற்றி யாரிடமும் மூச்சு விடமாட்டார். இடுப்பு வலிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்த எலும்பு டாக்டரிடமும் சொல்லவில்லை. டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினார். இவருக்கு அது இன்னொரு எக்ஸ்ரே, அவ்வளவுதான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஆம்பளைகள் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று என்னைப் பழக்கியது யார்?

ராஜபாளையம் ஸ்கேன் சென்டரில் இருந்தது அந்த கௌதம்ராஜ் தம்பி. நீங்கள் அவரைப் பிடித்து வைத்திருப்பது தெரிந்துதான் நானே பஸ் ஏறி வந்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. முறையாகத்தான் கேட்டார். வீட்டுக்காரர் காது மெஷினைக் கழற்றி என் கையில் கொடுத்திருந்ததால் பதில் சொல்வது என் பொறுப்பாகிவிட்டது.

"ஐயா உடம்புல பேஸ்மேக்கர், கம்பி ஏதும் இருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, தம்பி."

சட்டை மாற்றும்போது தோளுக்குக் கீழே இருந்த புடைப்பைப் பார்த்துவிட்டார். "இது என்னதும்மா?"

"சண்டையில குண்டு பட்டது. குண்டை அப்பவே எடுத்துட்டாவ. தழும்புதான் தடிச்சுப்போச்சு."

தம்பி விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். எதற்கென்று தெரியாமலே இவரும் படுத்தவாக்கில் திருப்பி வைத்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு இவர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார் தம்பி. "உள்ள உடம்புக்கு ஏதாவது செஞ்சா இதை அமுக்கச் சொல்லுங்கம்மா. உடனே வெளிய எடுத்துருவோம்." சொல்லிவிட்டு, காதில் மாட்டும் ஹெட்போனை எடுக்கத் திரும்பினார். என் வாயசைவு இவருக்கு நன்றாகப் புரியும். குனிந்து, சத்தமில்லாமல் சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

உள்ளே மெஷின் கல்யாண மேளத்தைத் தோற்கடித்தது. எனக்கு லேசாகக் கண் அசந்துவிட்டது. ஓடுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். இவரை வெளியே இழுத்துப் போட்டு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி அழுதுகொண்டே அமுக்கினார். இவர் கைக்குள் அந்தப் பந்து கசங்காமல் அப்படியே இருந்தது.

நான் சொன்னதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "இதை அமுக்கினா முதல்ல இருந்து மறுபடி எடுப்பாவ. உசுரே போனாலும் அமுக்காதிய."

சரி என்று தலையாட்டினார், இன்ஸ்பெக்டர் அம்மா. கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவர் கேட்டது அந்த ஒன்றுதான். கடைசியிலாவது எங்களுக்குள் ஒரு ஒற்றுமை வந்ததே என்று மனசு நிறைந்துபோயிற்று.