பனையில் சாய்த்த சைக்கிள்

பேய் வர ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? இது நடந்தது நல்ல உச்சிப்பொழுதில். முசரவாக்கம் போகிற ஏரிக்கரைப் பாதை... கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. நம்ம ராஜவேலுவின் சித்தப்பா கைலாசம் அதில் ஓடிக்கொண்டிருந்தார்.

ராஜவேலு இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். நான் சொல்வதில் தப்பிருந்தால் அவனே சொல்லட்டும்.

பிள்ளையார்பாளையத்தில் அவர் பெண்டாட்டி கிருஷ்ணவேணிக்கு விடிந்ததிலிருந்து வலி. தலைப்பிரசவம். குழந்தை இறங்கவில்லை. துணைக்கு அண்ணி கலாவதி மட்டும். முசரவாக்கத்து மருத்துவச்சி அங்கம்மாளை அழைத்துவர, தறிக்குழியிலிருந்து எழுந்து அப்படியே ஓடினார். கையில் ஒன்றுமில்லை. தோளில் துண்டுகூட இல்லை.

பாதி வழியில் ஓர் ஒற்றைப் பனை. அதில் சாய்த்து ஒரு சைக்கிள்... பின்சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

டிக்... டிக்... டிக்.

"யாருபா வண்டி?"

சுற்றிலும் பார்த்தார். கைப்பிடியைத் தொட்டார். அந்த வெயிலில் அது சில்லென்று இருந்தது. எங்கிருந்தோ பால் புளித்த வாசனை.

"அனாதையா கிடந்தா போலீஸ் ஸ்டேஷன்ல விட்டுடணும்பா" என்று கதையின் நடுவே புகுந்தான், எங்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வீரபத்திரன். "இல்லன்னா பேயே மணி அடிச்சுக்கினு வந்து கேக்கும்!"

யாரும் சிரிக்கவில்லை. ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டான்.

தறிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆள் இல்லாத வீட்டிலிருந்து அவசரத்துக்கு, தறியில் குறுக்கு நூல் ஓட்டுகிற ஒரு நாடாவை எடுத்தால்கூட, அந்த இடத்தில் நம் பொருள் ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். இடத்தை வெறுமையாக விடக்கூடாது. கைலாசத்திடம் வைக்க ஒன்றுமில்லை. பனையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னார்.

"பிள்ளையார்பாளையம் கைலாசம் நான். உன் வண்டியை எடுத்துக்கினு போறேன். பதிலுக்கு எங்க வீட்டுல எது வேணுமோ எடுத்துக்க."

சக்கரம் நின்றது.

அவர் ஏறி மிதித்தார். முசரவாக்கத்தில் அங்கம்மாளை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றினார். திரும்பும்போது சைக்கிளை அதே பனையில் சாய்த்துவிட்டு, தானும் மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். எடுத்ததை வைத்தாயிற்று... அப்படித்தான் நினைத்தார்.

வீட்டுக்குள் கத்தல் இல்லை. வாசலில் கலாவதி சிரித்தபடி நின்றாள்.

"பையன் பொறந்துட்டான்பா! நீ அனுப்பின பொம்பளை கைராசிக்காரி."

"நான் யாரையும் அனுப்பலியே அண்ணி."

"இன்னாபா சொல்றே? உன் பேரைச் சொல்லிக்கினுதானே வந்தா. அவ கை வெச்சதும் பொறந்துட்டான். கொல்லைக்கு எடுத்துக்கினு போயி கழுவினா. துணியில சுத்திக் கொண்டாந்து கொடுத்தா. 'சரியாப் போச்சு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

அங்கம்மாள் உள்ளே போனாள். துணியை விலக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்... பிறகு வெளியே வந்து கைலாசத்தைத் தனியே இழுத்தாள்.

"இது இன்னிக்குப் பொறந்த குழந்தை இல்லபா. தொப்புள்கொடி காஞ்சு விழுந்து, ஆறியே போயிருக்குது."

கைலாசம் கொல்லைக்கு ஓடினார். துணி துவைக்கிற கல் ஈரமாக இருந்தது. வேறொன்றும் இல்லை, பனையடியில் வந்த அதே பால் புளித்த வாசனை மட்டும்.

உள்ளேயிருந்து கிருஷ்ணவேணியின் குரல், சோர்ந்துபோய், சந்தோஷமாக...

"இங்க வந்து பாருங்களேன். எத்தினி நாள் பட்டினி கிடந்தவனாட்டம் குடிக்கிறான்."