வச்ச மருந்து

நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த என் வாக்குமூலத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு பிழை இருக்கிறது. 'வளர்ப்பு பிராணி' என்று போட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு 'ப்' வர வேண்டும். பரவாயில்லை, பென்சிலால் குறித்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். எழுதின தாளைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'வாழ்த்த வாருங்கள்' என்பது 'வீழ்த்த வாருங்கள்' என்று போகவிருந்தது. மை காய்வதற்குள் நான்தான் பிடித்தேன்.

பூனையைக் கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். ஏன் செய்தேன் என்பதை மட்டும் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நாய்க்கு 'கமா' என்று பெயர். வால் அப்படி வளைந்திருக்கும். மகளுக்குக் கல்யாணமாகிப் போனபிறகு என் மனைவி ஒரு மழை நாளில் புடவைத் தலைப்பில் சுருட்டி எடுத்துவந்த குட்டி அது. வீட்டில் எனக்குக் கிடைக்காத செல்லமெல்லாம் அதற்குக் கிடைத்தது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாளிதழ் படிக்கும்போது என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். பக்கம் திருப்பும்போதுகூடக் காலை அசைக்க மாட்டேன்.

ஏழு மாதத்துக்கு முன் சமையலறையில் எலித் தொல்லை. எலி மருந்து வாங்கி அலமாரிக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி இருக்கும், பொட்டலம் கிழிந்து கிடப்பதைப் பார்த்தேன். கமாவின் மூக்கில் அந்தத் தூள் ஒட்டியிருந்தது. உடனே கிளினிக்குக்குப் போன் செய்தேன். எடுத்தவள் வரவேற்பு மேசைப் பெண். நாய் பூனை வளர்ப்பவர்கள் எல்லாரும் அவளைப் போன்காரம்மா என்றுதான் சொல்வார்கள்.

"கமா மருந்து சாப்பிட்டுடுச்சும்மா," என்றேன்.

"நல்லதுதான் சார். தூங்கட்டும்," என்றாள்.

கமாவுக்குத் தோல் அரிப்புக்காக அந்த வாரம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாளாம். தமிழில் மருந்து என்றால் இரண்டும்தான். பிழைக்கச் சாப்பிடுவதும் மருந்து, சாகச் சாப்பிடுவதும் மருந்து. போன் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தூங்கட்டும் என்றாள், நானும் தூங்கவிட்டேன். மறுநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை.

என் மனைவி அந்த வாரமே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "போன்ல நீங்க என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டாள். "சரியாத்தான் சொன்னேன்," என்றேன். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. துக்கம் சிலரை அப்படி ஆக்கிவிடும்.

ஒரு சொல்லை ஒழுங்காக வாங்கிக்கொள்ளத் தெரியாதவள் நாற்காலியில் சாய்ந்து அடுத்த போனை எடுத்துக்கொண்டிருக்கிறாள், நான் காலியான வீட்டில் காலை அசைக்காமல் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறேன். பிழை விட்டவர் திருத்தியாக வேண்டும். அச்சகத்தில் அதுதான் வழக்கம்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தேன். மூன்றாவது மாடியில் தனியாக, ஒரு பூனையோடு. எதிர் வீடு காலியாக இருந்தது. குடிபோனேன். கமாவைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனதெல்லாம் என் மனைவி என்பதால் அவளுக்கு என் முகம் தெரியாது. பூனைக்கு 'முதலாளி' என்று பெயர். சாம்பல் நிறம், நல்ல தொந்தி. வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை வேலை கேட்டு வந்தவர்கள்போலப் பார்க்கும். எதிர் வீட்டுப் பெரிய மனுஷன் என்று அவள் என்னிடம் மரியாதையாக இருந்தாள். குழம்பு கொண்டுவந்து கொடுப்பாள். உப்பு எப்போதும் சரியாக இருக்கும், அதை மறைப்பானேன்.

முதலில் நூல். தையல் பெட்டியை மூடத் தானே மறந்துவிட்டதாக அவள் நம்பிக்கொண்டாள். பூனை நூலை விழுங்கி, குடலில் சிக்கி, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். கிளினிக்குக்குக் கூடையைத் தூக்கிப்போனவன் நான்தான். ஊரார் போனுக்கெல்லாம் பதில் சொல்கிறவள், டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு "பிழைச்சிடுமா டாக்டர், பிழைச்சிடுமா" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

அன்றுதான் அவள் மேசையைப் பார்த்தேன். போனுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை. 'எது? எப்போது? எவ்வளவு?' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கமாவுக்குப் பிறகு மனசாட்சி உறுத்தி எழுதி மாட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டும் பார்த்தேன்.

"இது நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே எழுதினது சார். கேக்காம ஒரு போனையும் வைக்க மாட்டேன்," என்றாள்.

அட்டையின் ஓரம் பழுத்துத்தான் இருந்தது. வெயில் பட்டால் அட்டை சீக்கிரம் பழுக்கும்.

இரண்டாவது, ஜன்னல் வலை. கொக்கியை லேசாகத் தளர்த்தினேன், அவ்வளவுதான். முதலாளி எங்கே உட்காரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தும் சாகவில்லை. தாடையும் முன்னங்காலும் முறிந்தன. கம்பி வைத்துக் கட்டினார்கள். அந்தச் செலவுக்குப் பிறகு அவள் கையில் வளையல் இல்லை. "என் கவனக்குறைவுதான் சார், நான்தான் சரியாப் பார்த்துக்கல," என்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். ஒரு மனுஷி தன் தவறைத் தானே ஒப்புக்கொள்வதைக் கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது தெரியுமா? தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். விட்டுத்தான் இருப்பேன். பொட்டலத்தில் மீதி இருந்ததை நான் தூக்கி எறியவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் போன புதன்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பும்போது என் கையில் சாவியையும் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தாள். பூனைக்கு வலி மாத்திரை மதியம் கொடுக்க வேண்டும், சோற்றில் பொடித்துக் கலந்தால்தான் தின்னும். சீட்டில் அவள் கையெழுத்தில் இருந்தது இதுதான்: 'ஒரு மணிக்கு முதலாளிக்குச் சோத்துல மருந்து வச்சுடுங்க சார்.'

நான் அதை நான்கு தடவை படித்தேன். எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை எதுவும் இல்லை. மருந்து வைப்பது என்றால் என்ன என்று தமிழ் தெரிந்த எவரையும் கேளுங்கள். மூலத்தில் இருப்பதை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. இருப்பதை இருப்பதுபோல் கொண்டுவருவதுதான் என் தொழில்.

ஒரு மணிக்கு வைத்தேன். கட்டுப்போட்ட தாடையோடு அது மெதுவாகத் தின்றது. தட்டை நான் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் நகர்ந்துவிடும். தின்றுவிட்டு என் காலில் ஒரு தரம் உரசியது.

ஒன்றரைக்கு அவள் போன் செய்தாள்.

"வச்சுட்டீங்களா சார்?"

"வச்சுட்டேன்மா."

"சாப்பிட்டுச்சா?"

"மருந்து சாப்பிட்டுடுச்சு."

"நல்லதுதான் சார். தூங்கட்டும்," என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயாலேயே சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் மதியம் நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் அவள் வந்தபோது முதலாளி வாசலுக்கு வரவில்லை. டாக்டர் கைவிரித்தார். நான் ஓடவில்லை, ஒளியவில்லை. கிளினிக் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டை எடுத்துக் காட்டி, நீ எழுதினபடிதான் செய்தேன் என்று சொன்னேன். கமாவின் பெயரையும் சொன்னேன். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். என் வாயையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"எந்த மருந்து சார்?"

அதே கேள்வியை, அதே குரலில், முன்பு எங்கோ கேட்டதுபோல் இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

இனி மூன்றாவது பக்கம். கிளினிக்கில் வரும் போன் எல்லாம் பதிவாகும் என்று எனக்குத் தெரியாது. கமா நாளின் பதிவை எடுத்துத் தட்டச்சு செய்து சேர்த்திருக்கிறீர்கள். இதில், 'மருந்து சாப்பிட்டுடுச்சும்மா' என்று நான் சொன்னதும் அவள் 'நல்லதுதான்' என்று சொல்லவில்லை. 'எந்த மருந்து சார்?' என்று கேட்கிறாள். 'வச்ச மருந்துதான்மா' என்கிறேன். 'டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையா சார்?' என்று மறுபடி கேட்கிறாள். அடுத்த வரியில் எனக்கு நேராக 'ஆமா' என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கும் கீழேதான் 'தூங்கட்டும்' வருகிறது.

அப்போது என் மனைவி இரண்டடி தள்ளி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். கமா இருக்கும் வீட்டுக்குள் அந்தப் பொட்டலம் வரவே வராது என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். அவள் காதுபட 'எலி' என்று எப்படிச் சொல்வது? இரண்டே எழுத்துதான். ஆனாலும் எப்படிச் சொல்வது?

அதற்காக நான் 'ஆமா' என்று சொல்லியிருப்பேனா? பதிவில் இரைச்சல் இருந்திருக்கும். கேட்டவர் தப்பாகக் கேட்டிருப்பார், அடித்தவர் தப்பாக அடித்திருப்பார். எனக்குத் தெரியாத பிழையா? மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. நூல், வலை, சோறு எல்லாம் நான்தான். இதோ பென்சிலால் சுழித்திருக்கிறேன் பாருங்கள். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.