எண்ணூறு ஏக்கர் டீச்சர்

நம் பாடசாலை விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் அதிபர் சிவஞானம் ஐயா அவர்களே, அவருக்கு இருபுறமும் அமர்ந்து அவைக்கு அழகு சேர்க்கும் ஆன்றோர்களே, கோயில் கமிட்டிப் பெரியோர்களே, தேவாலயத்திலிருந்து வந்திருக்கும் சகோதரர்களே, லுணுகலையிலிருந்து மழையில் நனைந்து மலையேறி வந்த ஆசிரியப் பெருமக்களே, அரைநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் தம்பி தங்கைகளே, இந்தத் தோட்டத்து நாலாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் பிறந்த ஜெயந்தினியின் பணிவான வணக்கம்.

கொரியாவிலே மூன்றாண்டு ஆசிரியையாக இருந்தாயே, அதைப் பற்றிப் பேசு என்று பணித்தார் அதிபர். எதைப் பேசுவது? பாதையை மூடிப் பொழியும் பனியைப் பேசவா? கோவா இலைகளை மிளகாய்த்தூளில் ஊறப்போட்டு மூன்று வேளையும் உண்ணும் அந்த மக்களின் விருந்தோம்பலைப் பேசவா? அப்பாவை அவர்களும் அப்பா என்றே அழைக்கும் அதிசயத்தைப் பேசவா? சம்பளத்தைப் பேசச் சொல்கிறார் அங்கே ஓர் அக்கா. அத வெளிய வாங்கக்கா, சொல்றேன்.

இவை எதையும் நான் பேசப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லால் ஒரு பொய்க்குள் விழுந்து, ஏழு மாதம் எழாமல் கிடந்த கதையைத்தான் பேசப் போகிறேன்.

தென்கொரியாவின் தென்கோடியிலே ஒரு சிற்றூர். சந்தைத் தெரு ஒன்று, பஸ் நிலையம் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று. ஊரைச் சுற்றி என்ன தெரியுமா? தேயிலை. கடல் கடந்து போனாலும் இந்தச் செடி என்னை விடாது போலிருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே பல்கலைக்கழகப் படிப்பை முடித்த எனக்கு, அந்தப் பள்ளியில் பிறநாட்டு வாழ்க்கையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலை.

முதல் நாள், அந்தப் பள்ளியின் அதிபர் பாக் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் எனக்குத் தெரிந்த கொரிய மொழியில், “எங்க தோட்டத்துலயும் தேயிலதான் சார்” என்றேன். எங்க தோட்டம், எங்க லயம், எங்க மலை என்று நாம் சொல்கிறோமா இல்லையா? அந்தப் பழக்கத்தில் சொன்னேன். எவ்வளவு பெரிய தோட்டம் என்று கேட்டார். இங்கே எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தெரிந்த கணக்குத்தானே? “எண்ணூறு ஏக்கர்” என்றேன். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார் மனிதர்.

மறுநாள் மரக்கறிக் கடையில் நான் எண்ணூறு ஏக்கர் டீச்சர். பஸ் ஓட்டுநருக்கும் எண்ணூறு ஏக்கர் டீச்சர். நான் முதலாளி மகள் இல்லை என்று திருத்தியிருக்கலாம், ஒரு நிமிட வேலை. ஏன் திருத்தவில்லை? இனித்தது தாய்மார்களே, இனித்தது. பதுளை பஸ்ஸிலே, “தோட்டத்து ஆளா?” என்று கேட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதே தோட்டத்தின் பெயரால் ஒருவர் எழுந்து நிற்கிறபோது, உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மே மாதம் அங்கே கொழுந்து பறிக்கும் காலம். உங்கள் தோட்டத்தைப் பிள்ளைகள் பெரிய திரையில் பார்க்கட்டும், அங்கே வேலை செய்யும் ஒருவரோடு பேசட்டும் என்றார் பாக். நான் என் அம்மாவுக்குப் போன் எடுத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“அதுக்கென்னாடி. என்னைய ஒங்கம்மான்னு சொல்ல வேணாம். தோட்டத்துல வேல செய்ற பொம்பளன்னு சொல்லிரு. அது பொய்யும் இல்ல. ஒனக்கும் மரியாத கெடாது.”

வருத்தமே இல்லாமல், குழம்புக்கு உப்புப் போடச் சொல்வது போலச் சொன்னார். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். அழுதேனே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாள் வந்தது. அங்கே மதியம், இங்கே காலை. திரையிலே அம்மா. இடுப்பிலே சாக்கு, முதுகிலே கூடை, போனுக்குச் சிக்னல் கிடைக்கும் அந்த மேட்டிலே நிற்கிறார். இருபத்து மூன்று பிள்ளைகள் கை காட்டுகிறார்கள். பாக் கேட்ட கேள்வியை நான் தமிழில் சொன்னேன்.

“இந்தத் தோட்டத்துல எத்தன வருசமா வேல செய்றீங்கன்னு கேக்குறாரு.”

வாழ்நாளில் முதல் தடவையாக அம்மாவை ‘நீங்க’ என்றேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார்.

“முப்பத்தொரு வருசங்க, தொரசாணி.”

தோட்டத்துரையின் மனைவியை அழைப்பது போல, பெற்ற தாய் என்னைத் துரைசாணி என்றார். அந்த அறையிலே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. எதை வேண்டுமானாலும் மொழிபெயர்த்திருக்கலாம். யார் கண்டுபிடிப்பார்? யார் கேட்பார்? பாக் காத்திருந்தார், பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் கொரிய மொழியில் சொன்னேன்: “இவர் என் அம்மா. இவர் கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அந்த எண்ணூறு ஏக்கரில் ஒரு பிடி மண்கூட எங்களுடையது இல்லை.”

பாக் எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். திரையை நோக்கி இடுப்பு வளைய வணங்கினார். அவரைப் பின்பற்றி இருபத்து மூன்று பிள்ளைகளும் எழுந்து வணங்கினார்கள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்னாடி எல்லாரும் குனியிறாங்க? என்னமும் கீழ விழுந்துருச்சா?”

“இல்லம்மா. ஒன்னத்தான் கும்புடுறாங்க.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் பிள்ளைகள் விடுவார்களா? சோயூன் என்ற சிறுமி கையைத் தூக்கினாள். உங்களுடையது இல்லையென்றால் ஏன் ‘எங்கள் தோட்டம்’ என்று சொன்னீர்கள், டீச்சர்? அம்மாவிடமே கேட்டேன். அம்மா மலையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

“இந்தச் செடிய நட்டது நம்ம ஆளுங்க. கவ்வாத்து வெட்டிச் செடிய மட்டம் பண்ணுனது ஒங்கப்பன். கொழுந்து கிள்ளுறது நானு. ஒங்கப்பனப் பொதச்சதும் இந்த மண்ணுலதான். பின்ன எங்க தோட்டம்னு சொல்லாம, வேற என்னான்னு சொல்றது?”

ஒரு சொல் குறையாமல் அதை மொழிபெயர்த்தேன்.

அவையோரே, அன்றைக்கு நான் திருத்திக்கொண்டது என் பொய்யை. அந்தச் சொல்லை நான் திருத்தவில்லை, திருத்தவும் மாட்டேன். காடாய்க் கிடந்த மலையைக் கழனியாக்கியவர்கள் எங்க தோட்டம் என்பது பிழையா? பெயர் எழுதாத மண்ணிலே பிறந்து, பெயர் எழுதாத மண்ணிலே புதைகிறவர்கள் எங்க தோட்டம் என்பது பிழையா? பிழை நம் வாயில் இல்லை, காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது. திருத்த வேண்டியது அதைத்தான். தம்பி தங்கைகளே, படியுங்கள். படித்துப் போய், கேட்க வேண்டிய இடத்தில் தலை நிமிர்ந்து கேளுங்கள்.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை. மேடைக்கு வரமாட்டேன் என்று அந்தத் தூணோரம் அமர்ந்திருக்கிறாரே, அவர்தான் என் அம்மா இராக்கம்மா. அம்மா, இத்தன பேருக்கு முன்னால ஒன்னுட்ட ஒன்னு கேக்குறேன். இனிமே எவரு முன்னாலயும், எனக்காகன்னாலும், நீ யாரையும் தொரசாணின்னு கூப்புடக் கூடாது.

மழை இரைச்சலையும் பொறுத்து, என்னையும் பொறுத்து, இவ்வளவு நேரம் செவிசாய்த்த உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.