மகன் சிலம்பரசன் செய்ததும், அதற்கு முன் நான் செய்ததும்

என் பெயர் ராஜாங்கம், வயது 43, தகப்பனார் பெயர் தனகோடி. மரக்காணம் பிள்ளையார் கோயில் தெருவில் குடியிருக்கிறேன். உப்பளத்தில் கூலி வேலை. மனைவி மலர்கொடியும் அங்கேயே உப்பு சுமக்கிறார். எங்கள் ஒரே மகன் சிலம்பரசன், வயது 16, பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் சம்பந்தமாக விசாரித்ததில் நானே முன்வந்து சொல்வது.

தை மாதம், உப்பு விளையும் பாத்தியில் சேற்றை மிதித்து இறுக்குவோம். அது காய்வதற்குள் யார் கால் பட்டாலும் தரை கிளம்பி, உப்பு கறுத்து வரும். ஆடு மாடுகூட இறங்க விடமாட்டோம். மகன் ஒன்பது வயதில், விளையாட்டாக அப்படி ஒரு பாத்தியில் ஓடிவிட்டான். முதலாளி என்னைப் பத்துப் பேர் எதிரில் கேவலமாகப் பேசினார். அவரிடம் வாய் திறக்க முடியாத ஆத்திரத்தில், மகனை உப்பு அம்பாரத்தின் மேல் முட்டி போட வைத்து நூறு வரை எண்ணச் சொன்னேன். தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து.

அதன் பிறகு எந்தத் தப்புக்கும் அதே தண்டனைதான். அடியாத மாடு படியாது என்று நம்பினேன். மலர்கொடி அவன் முட்டிக்குத் தேங்காய் எண்ணெய் தடவும்போது, செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்று அவரையும் திட்டினேன். பதினோரு வயதுக்குமேல் அவன் அழுவதே இல்லை. என் பிள்ளைக்குக் கல்நெஞ்சு என்று டீக்கடையில் பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. போன வருடம் வகுப்பில் ஒருவனை அறைந்துவிட்டான் என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். டீச்சர், பையனிடம் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள் என்றார். நான் பேசவில்லை. மறுபடியும் அம்பாரத்துக்குத்தான் கூட்டிப் போனேன்.

கடந்த ஞாயிறு காலை எட்டு மணி அளவில் நானும் மகனும் பாத்தி மிதித்து முடித்தோம். நான் மதகுப் பக்கம் போய்விட்டேன். அப்போது அவனுடன் படிக்கும் திருமுருகன், கிரிக்கெட்டுக்குக் கூப்பிட வந்தவன், தெரியாமல் பாத்தியில் குறுக்கே நடந்துவிட்டான். சிறிது நேரம் கழித்து யாரோ எண்ணும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பழைய உப்பு அம்பாரத்தில் திருமுருகன் முட்டி போட்டிருந்தான். என் மகன் உப்பு வாரும் பலகையோடு எதிரில் நின்று, “தப்பா எண்ணிட்ட. ஒண்ணுல இருந்து சொல்லுடா” என்றான். கத்தவில்லை, நிதானமாகத்தான் சொன்னான். நான் இத்தனை வருடம் எப்படிச் சொன்னேனோ அப்படியே. என் கால் ஒரு நிமிடம் நகரவில்லை. அதற்குள் திருமுருகன் எழுந்தான், மகன் அந்தப் பலகையால் அடித்துவிட்டான். அதன் பிறகுதான் ஓடினேன். திருமுருகன் தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

வழுக்கி விழுந்தான் என்று எழுதிக் கொடுக்கும்படி சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அடித்தது என் மகன்தான்.

கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கும் மகனை இன்று ஜாமீனில் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றுதான் வந்தேன். அப்பாவுடன் போகிறாயா என்று, விசாரிக்கும் நன்னடத்தை அலுவலர் மேடம் என் எதிரிலேயே அவனைக் கேட்டார்கள். அவன் என்னைப் பார்க்காமல், “வேணாங்க மேடம். இனிமே அவரு கைய ஓங்குனா நான் திருப்பி அடிச்சிடுவேன். அதான் பயமா இருக்குது” என்றான். சொல்லும்போது அழுதான். ஐந்து வருடம் கழித்து இன்றுதான் அவன் அழுததைப் பார்த்தேன். பக்கத்தில் போக எழுந்தேன், அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவனைக் கிளியனூரில் இருக்கும் அவன் தாய்மாமன் கொளஞ்சி பொறுப்பில் அனுப்ப எனக்கு ஆட்சேபணை இல்லை. அவனாகக் கூப்பிடும்வரை நான் அங்கே போகமாட்டேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை, உண்மை என்பதால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) த. ராஜாங்கம்